தோற்றவனுக்குத் திதி

2025 மே 25, அகமதாபாத். சென்னை சூப்பர் கிங்ஸ் 20 ஓவரில் 230 ரன் அடித்தது. அன்று பட்டியலின் உச்சியில் இருந்த குஜராத் டைட்டன்ஸை 83 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. வேறு எந்த வருஷமாக இருந்தாலும் தெருவில் வெடி வெடித்திருக்கும். அந்த வருஷம் வெடிக்கவில்லை. அந்த வெற்றிக்குப் பிறகும் சென்னை பத்து அணிகளில் பத்தாவது. 14 ஆட்டம், 4 வெற்றி, 10 தோல்வி. 2008-இல் ஐபிஎல் ஆரம்பித்ததிலிருந்து சென்னை கடைசி இடத்தில் முடித்தது அதுதான் முதல்முறை.

இதை ஏன் வரலாறு என்று எழுத வேண்டும்? விளையாட்டுதானே, விட்டுத் தள்ளலாமே? நான் திருவண்ணாமலைக்காரன். தோற்றுப்போன ஒரு ராஜாவுக்கு வருஷா வருஷம் திதி கொடுக்கும் ஊர் இது. தோல்வியை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது என்பதில் இந்த ஊருக்குக் கிட்டத்தட்ட 700 வருஷப் பழக்கம் இருக்கிறது. அதனால் எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது.

முதலில் சீசனைப் பார்த்துவிடுவோம்.

மார்ச் 23, சேப்பாக்கம். மும்பைக்கு எதிராக வெற்றி. நூர் அகமது 18 ரன்னுக்கு 4 விக்கெட். நல்ல ஆரம்பம். அதற்குப் பிறகு வரிசையாக ஐந்து தோல்வி. அணியின் வரலாற்றில் அதற்கு முன் ஐந்து தொடர் தோல்விகள் கிடையாது. மார்ச் 28-இல் பெங்களூரு 50 ரன்னில் ஜெயித்தது. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி. ஏப்ரல் 5-இல் டெல்லி, 2010-க்குப் பிறகு முதல்முறையாக அங்கே ஜெயித்தது. ஏப்ரல் 11-இல் கொல்கத்தாவிடம் சென்னை எடுத்தது 9 விக்கெட்டுக்கு 103. சேப்பாக்கத்தில் அதன் மிகக் குறைந்த ஸ்கோர். கொல்கத்தா அதை 10.1 ஓவரில் முடித்துவிட்டுப் போனது. ஏப்ரல் 25-இல் ஹைதராபாத் முதல்முறையாக சேப்பாக்கத்தில் ஜெயித்தது. ஏப்ரல் 30-இல் பஞ்சாபின் சஹல் ஒரே ஓவரில் ஹாட்ரிக்கோடு நான்கு விக்கெட் எடுத்தார். அன்றே பிளே-ஆஃப் கதவு மூடியது. அந்த வருஷம் வெளியேறிய முதல் அணி சென்னை.

சேப்பாக்கத்தில் ஆடிய ஆறு ஆட்டங்களில் ஐந்து தோல்வி. கோட்டை என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில்! பிட்ச்சை எங்களால் சரியாகப் படிக்க முடியவில்லை, சொந்த மண் என்ற சாதகமெல்லாம் இல்லை என்று பயிற்சியாளர் ஃப்ளெமிங்கே சொல்லிவிட்டார்.

நடுவில் கேப்டன் ருதுராஜுக்கு முழங்கையில் எலும்பு முறிவு. 43 வயதில் தோனி மறுபடி கேப்டன். பெங்களூரு ஆட்டத்தில் அவர் ஒன்பதாவது ஆளாக இறங்கினார். முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் முழுவேகத்தில் ஓடி ஆட முடியாது என்று அதற்கும் ஃப்ளெமிங் விளக்கம் கொடுத்தார். ஐந்து வருஷம் சர்வதேச ஆட்டம் ஆடாதவர் 'அன்கேப்ட்' என்ற விதியில் நான்கு கோடிக்குத் தக்கவைக்கப்பட்ட உலகக்கோப்பை கேப்டன் அவர். லக்னோவில் 11 பந்தில் 26 அடித்து ஆட்ட நாயகன் விருதும் வாங்கினார். ஆனால் ஒரு ஆட்டம் சீசன் ஆகாது.

*

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சர்வர் நடுராத்திரியில் விழுந்தால், எழுப்பிய பிறகு எல்லோரும் உட்கார்ந்து 'போஸ்ட்மார்ட்டம்' எழுதுவோம். அதில் முக்கியமான விதி, ஆள் பெயரைக் குற்றவாளியாக எழுதக் கூடாது. "அவர் தப்பான பட்டனை அமுக்கினார்" என்று எழுதினால் அதோடு யோசனை நின்றுவிடும். "அந்தப் பட்டனை அமுக்கினால் எல்லாம் விழும்படி ஏன் கட்டி வைத்திருந்தோம்?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

2025-க்கு அப்படி ஒரு போஸ்ட்மார்ட்டம் எழுதிப் பார்த்தால் தோனியின் முழங்கால் காரணமாக வராது. பழைய பட்டியலைப் பாருங்கள். 2008 முதல் 2019 வரை, தடையில் போன இரண்டு வருஷங்களைக் கழித்துவிட்டால், சென்னை ஆடிய பத்து சீசனிலும் பிளே-ஆஃப். 2020-இல் எமிரேட்ஸில் முதல்முறை தவறியது. 14-இல் 6 வெற்றி, ஏழாவது இடம். வயசான அணி, கதை முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். கிட்டத்தட்ட அதே ஆட்களை வைத்துக்கொண்டு 2021-இல் கோப்பை. 2022-இல் மறுபடி சரிவு, இதே 4 வெற்றி, 10 தோல்வி, ஒன்பதாவது இடம். ஜடேஜாவிடம் கொடுத்த கேப்டன் பொறுப்பு பாதியில் தோனியிடமே திரும்பி வந்தது. 2023-இல் மறுபடி கோப்பை.

ஒரு தோல்வி, ஒரு கோப்பை. ஒரு தோல்வி, ஒரு கோப்பை. இது அணிக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் என்ன? "பதறாதே, ஆளை மாற்றாதே, தானாகச் சரியாகும்." 2020 சொல்ல வந்த கசப்பான சேதியை 2021-இன் கோப்பை மூடிவிட்டது. 2022 சொன்னதை 2023 மூடிவிட்டது. 2024-இல் ரன் ரேட்டில் மயிரிழையில் போனபோது அதைத் துரதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிட்டார்கள். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த பெரிய ஏலத்தில் பழகிய முகங்களுக்குக் காசு போனது. அஸ்வின் 9.75 கோடிக்கு ஊர் திரும்பினார். மற்ற அணிகள் பவர்பிளேயில் எழுபது எண்பது என்று போய்க்கொண்டிருந்த காலத்தில், சென்னை பதினாறாவது ஓவரில் முடிவெடுக்கும் ஆட்டத்தையே ஆடிக்கொண்டிருந்தது.

சீசனின் கடைசியில் கொஞ்சம் உயிர் கொடுத்தவர்களைப் பாருங்கள். 17 வயது ஆயுஷ் மாத்ரே பெங்களூருவில் 94 அடித்தார். அப்போதும் இரண்டு ரன்னில் தோல்வி. டெவால்ட் ப்ரெவிஸ் கொல்கத்தாவில் 25 பந்தில் 52. அதே ஆட்டத்தில் உர்வில் படேல் 11 பந்தில் 31. மூன்று பேருமே காயம்பட்டவர்களுக்கு மாற்றாக நடுவில் வந்தவர்கள். திட்டம் போட்டு எடுத்தவர்களால் முடியாததை, திட்டம் உடைந்ததால் வந்தவர்கள் செய்தார்கள். போஸ்ட்மார்ட்டத்தில் நான் அடிக்கோடு போடும் வரி இதுதான்.

*

இப்போது எங்கள் ஊர் ராஜா.

ஹொய்சள அரசர் மூன்றாம் வீர வல்லாளர். 1311-இல் மாலிக் கபூரின் படை துவாரசமுத்திரத்தை முற்றுகையிட்டபோது பணிந்து, கப்பம் கட்டி, அந்தப் படை தமிழ்நாட்டுக்குள் இறங்க வழிகாட்டவும் செய்து, ராஜ்யத்தைக் காப்பாற்றிக்கொண்டவர். முதல் தோல்வி, முதல் மீட்சி. 1327 வாக்கில் துக்ளக் படை துவாரசமுத்திரத்தை மறுபடி அழித்தது. வல்லாளர் அழியவில்லை. தெற்கே நகர்ந்து திருவண்ணாமலையைத் தலைநகர் போல ஆக்கிக்கொண்டார். இரண்டாவது தோல்வி, இரண்டாவது மீட்சி.

மூன்றாவது கதையை நமக்குச் சொல்பவர் இபன் பதூதா. அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீனும் அவரும் சகலைகள். ஆக, எதிர்த்தரப்புச் சாட்சி. அவர் சொல்வது இது: எண்பது வயதைத் தாண்டிய வல்லாளர் லட்சம் பேர் கொண்ட படையோடு வந்தார். அதில் சுமார் 20,000 முஸ்லிம்களும் இருந்தார்கள். (இதை மதங்களின் போராக மட்டும் வாசிக்கிறவர்கள் இந்த எண்ணைத் தாண்டிப் போய்விடுவார்கள்.) திருச்சி பக்கம் கண்ணனூர்க் கொப்பத்தில் மதுரைப் படையை வளைத்துக்கொண்டார். உள்ளே இருந்தவர்களிடம் 14 நாளுக்குத்தான் உணவு மிச்சம். கோட்டையைக் கொடுத்துவிட்டால் உயிரோடு போகலாம் என்றார் வல்லாளர். சுல்தானைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். சரி, 14 நாள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அங்கேதான் போனது. அந்த அவகாசத்தில் மதுரைக்குச் சேதி போனது. மதுரையிலிருந்து ஒரு சிறிய படை கிளம்பி வந்தது. மதிய வேளையில் வல்லாளரின் பாளையம் ஓய்ந்து கிடந்தது, குதிரைகளை மேய விட்டிருந்தார்கள். வருகிறவர்களைத் திருடர்கள் என்று நினைத்தார்கள். குதிரை ஏற முயன்ற கிழவரைப் பிடித்தார்கள். விடுவிப்பதாகச் சொல்லி அவருடைய செல்வம், யானை, குதிரை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பிறகு கொன்றார்கள். தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். அதை என் கண்ணால் பார்த்தேன் என்கிறார் பதூதா. 1342-43 காலம்.

ஒரு கிரிக்கெட் அணியின் பத்தாவது இடத்தை இந்தச் சாவுக்குப் பக்கத்தில் வைப்பது அபத்தம் என்று தோன்றும். அளவில் அபத்தம்தான். நான் பக்கத்தில் வைப்பது அளவை அல்ல, ஒரு மனநிலையை. கைக்கு எட்டிய கோட்டைக்கு எதற்காக ஒருவர் 14 நாள் அவகாசம் கொடுப்பார்? என் வாசிப்பு இது: இரண்டு முறை மொத்தமாகத் தோற்று, பொறுமையால் மட்டுமே மீண்டவர் அவர். காத்திருந்தால் காலம் நம் பக்கம் வரும் என்பது அவருடைய வாழ்க்கை அவருக்குத் தந்த அனுபவம். மூன்றாவது முறை அந்த அனுபவமே அவரைப் பிடித்துக் கொடுத்தது. தோல்வி யாரையும் ஏமாற்றுவதில்லை. முகத்தில் அறைந்து சொல்லிவிடும். மீட்சிதான் ஏமாற்றும். ஏன் மீண்டோம் என்று தெரியாமலே மீண்டுவிட்டால், அடுத்த முறையும் மீள்வோம் என்ற நம்பிக்கை மட்டும் கையில் தங்கும்.

*

இதெல்லாம் பதூதாவின் ஸ்கோர்கார்டு. ஊரின் ஞாபகம் வேறு மாதிரி.

ஊர்க்கதையில் வல்லாள மகாராஜா பிள்ளை இல்லாதவர். அண்ணாமலையாரே குழந்தையாக வந்தார். ஆகவே ராஜா இறந்தபோது கொள்ளி வைக்க வேண்டிய மகன், சாமி. தைப்பூசத் தீர்த்தவாரி முடிந்து திரும்பும்போது ராஜா இறந்த சேதி சாமிக்குச் சொல்லப்படும். மேளதாளம் நின்றுவிடும், சாமி சத்தமில்லாமல் கோயிலுக்குத் திரும்புவார். பிறகு மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரைக்குப் போய் அப்பாவுக்குத் திதி கொடுப்பார். கோயிலுக்குள் வல்லாள மகாராஜா கோபுரம் இன்றும் நிற்கிறது.

வரலாற்றில் வல்லாளருக்கு மகன் உண்டு, நான்காம் வல்லாளர் என்று சொற்பகாலம் ஆண்டவர். ஊருக்கு அது தேவைப்படவில்லை. அந்த 14 நாளும் ஊர்க்கதையில் இல்லை. யார் தப்பு, ஏன் தோற்றார் என்ற விசாரணையே இல்லை. 'எங்கள் ஆள், செத்துப்போனார், செய்ய வேண்டியதைச் செய்கிறோம்.' அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. அங்கே முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் கால்பந்து. 2017-இல் க்ளீவ்லாந்து ப்ரவுன்ஸ் அணி 16 ஆட்டம் ஆடி 16-லும் தோற்றது. 2018 ஜனவரி 6-ஆம் தேதி, உறைய வைக்கும் குளிரில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கூடி 'கச்சிதமான சீசன்' என்று ஊர்வலம் போனார்கள். மைதானத்தைச் சுற்றி, பூஜ்ய வடிவத்தில். கூடவே பசித்தவர்களுக்கு உணவு கொடுக்கும் அமைப்புக்கு நன்கொடையும் திரட்டினார்கள். பார்த்தால் கிரிவலம், கேட்டால் கிண்டல். ஆனால் கிண்டல் செய்யவும் அத்தனை பேர் குளிரில் நடந்து வந்தார்களே, அது பாசம் இல்லையா?

அங்கே கடைசியில் வந்த அணிக்கு, அடுத்த வருஷம் புதிய ஆட்டக்காரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கும். தோல்விக்கு ஓர் ஈடு. ஆனால் 2016-இல் 1-15 என்று முடித்து முதல் ஆளை எடுத்த பிறகுதான் ப்ரவுன்ஸ் 0-16 ஆனது. ஈடு கிடைப்பதும் பாடம் கற்பதும் வேறு வேறு.

ஐபிஎல்லில் அந்த ஈடும் இல்லை. ஏலத்தில் கடைசி அணியும் முதல் அணியும் ஒரே மேஜைதான். 2025 நவம்பரில் சென்னை ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியது. 2012-லிருந்து கூட இருந்தவர் ஜடேஜா. 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளை அடித்தவர். டிசம்பர் ஏலத்தில், இந்திய அணிக்கு ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தலா 14.2 கோடி. பல நண்பர்களுக்கு ஜடேஜா விஷயத்தில் மனசே ஆறவில்லை. எனக்கும் வலித்தது. ஆனாலும் அதைத்தான் நான் 2020-லேயே எதிர்பார்த்திருக்க வேண்டிய அடையாளமாகப் பார்க்கிறேன். காத்திருப்பதை அணி முதல்முறையாக நிறுத்தியிருக்கிறது.

தோல்விக்கு இரண்டு வேலைகள் பாக்கி இருக்கின்றன. ஒன்று விசாரணை. அதை நிர்வாகம் செய்ய வேண்டும். இரக்கம் பார்க்கக் கூடாது, ஆள் பெயரில் நின்றுவிடவும் கூடாது. இன்னொன்று திதி. அது நம் வேலை. நாமோ இரண்டையும் குழப்பிக்கொண்டோம். நிர்வாகம் பாசம் பார்த்தது, ரசிகர்கள் விசாரணை நடத்தினோம். ராத்திரி முழுக்க மீம் போட்டு, ஒவ்வொரு ஆட்டக்காரரின் தோலையும் உரித்து மதிலில் தொங்கவிட்டோம்.

திதியில் எனக்குப் பிடித்த விஷயம், அதற்கு நாள் குறித்திருப்பதுதான். தைப்பூசத்தில் சேதி, மாசி மகத்தில் எள்ளும் தண்ணீரும். அன்று ஆற்றங்கரைக்குப் போகிற கூட்டத்தில் யாரும் கண்ணனூரில் என்ன நடந்தது என்று சண்டை போட மாட்டார்கள். திதி முடிந்ததும் சாமி கிளம்பிவிடுவார். ஊரும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடும்.