டங்கன் எட்வர்ட்ஸ் - ஐந்தே வருட ஆட்டக்காரர்

இங்கிலாந்தில் பழைய கால்பந்து ரசிகர்களிடம் டங்கன் எட்வர்ட்ஸ் என்ற பெயரைச் சொன்னால், பேச்சு எப்படியும் 1966க்குப் போய் நிற்கும். இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்ற வருடம் அது. அப்போது அவர் உயிரோடு இருந்திருந்தால் வயது 29. கோப்பையைக் கையில் வாங்கியிருப்பது பாபி மூர் அல்ல, எட்வர்ட்ஸ்தான் என்பார்கள். இருக்கலாம். ஆனால் இந்தப் பேச்சில் ஒரு சிக்கல். 21 வயதில் இறந்துபோனவர் என்பதாலேயே அவரை ஏதோ வளர்ந்துகொண்டிருந்த பையன் போல, முளைவிட்டு நின்றுபோன செடி போலப் பேசுகிறார்கள். அவர் ஆடி முடித்த ஆட்டங்களை எடுத்து அடுக்கிப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

1936 அக்டோபர் 1 அன்று டட்லி என்ற ஊரில் பிறந்தார். நிலக்கரியும் இரும்பும் சேர்ந்து கறுப்பாக்கிய தொழிற்பகுதி அது. உழைக்கும் குடும்பம். ஒரு தங்கை, கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டாள். பள்ளியில் அவர் கால்பந்து மட்டும் ஆடவில்லை, மாரிஸ் நடனமும் ஆடினார் (காலில் மணி கட்டிக்கொண்டு ஆடும் இங்கிலாந்தின் நாட்டுப்புற ஆட்டம்). நாடளவிலான நடன விழாவுக்கும் பள்ளி மாணவர் கால்பந்து அணித் தேர்வுக்கும் ஒரே நாளில் அழைப்பு வந்ததாம். எதைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லத் தேவையில்லை!

பக்கத்து ஊரான வுல்வர்ஹாம்ப்டனில் வுல்வ்ஸ் என்ற பெரிய கிளப் இருந்தது. அதை விட்டுவிட்டு 1952ல் மான்செஸ்டர் யுனைடெட்டில் சேர்ந்தார். அங்கே மேலாளர் மேட் பஸ்பி, உதவிக்கு ஜிம்மி மர்பி. காசு கொடுத்துப் பெரிய ஆட்டக்காரர்களை வாங்குவதைக் குறைத்து, பள்ளி முடித்த பையன்களைப் பிடித்து வளர்ப்பதுதான் இவர்களின் திட்டம். பத்திரிகைகள் அந்த அணிக்கு 'பஸ்பியின் குழந்தைகள்' என்று பெயர் வைத்தன. 1953 ஏப்ரல் 4 அன்று கார்டிஃப் சிட்டிக்கு எதிராக எட்வர்ட்ஸ் முதன்முதலாக மூத்தோர் அணியில் இறங்கினார். வயது 16 வருடம் 185 நாள். அணி 4-1 என்று தோற்றது, அது வேறு விஷயம்.

அவருடைய இடம் எது என்று இன்றைய ரசிகருக்குச் சொல்வது கொஞ்சம் கஷ்டம். அந்தக் காலத்தில் அதற்கு 'லெஃப்ட் ஹாஃப்' என்று பெயர், சட்டை எண் 6. பின்னால் மூன்று தடுப்பாளர்கள், முன்னால் ஐந்து தாக்குதல்காரர்கள், நடுவில் இரண்டு 'ஹாஃப்'கள். எதிரணியின் பந்தைப் பறிப்பதும் இவர்கள் வேலை, பறித்த பந்தை முன்னால் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இவர்கள் வேலை. இன்றைக்கு நடுக்களத்தில் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு. எட்வர்ட்ஸ் ஆறு அடிக்குச் சற்றுக் குறைந்த உயரம், கட்டுமஸ்தான உடம்பு, இரண்டு காலாலும் உதைப்பார். தேவைப்பட்டால் முன்னணியிலும் ஆடுவார், பின்னணியிலும் ஆடுவார். 1957 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆரம்பத்திலேயே யுனைடெட்டின் கோல்கீப்பருக்குக் கன்ன எலும்பு உடைந்தது. மாற்று ஆட்டக்காரர் இறக்க அனுமதி இல்லாத காலம். நடுத் தடுப்பாளர் கோல் காக்கப் போக, அந்த இடத்துக்கு எட்வர்ட்ஸ் இறங்கினார். ஆஸ்டன் வில்லா 2-1 என்று ஜெயித்தது.

1955 ஏப்ரல் மாதத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். 2ஆம் தேதி வெம்ப்ளியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துக்காக முதல் ஆட்டம். வயது 18 வருடம் 183 நாள், முடிவு 7-2. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவ்வளவு சிறு வயதில் இங்கிலாந்துக்கு ஆடியவர் எவரும் இல்லை. அந்தச் சாதனையை 1998ல் மைக்கேல் ஓவன்தான் முறியடித்தார். அதே மாதக் கடைசியில், அதே எட்வர்ட்ஸ் கிளப்பின் இளைஞர் அணிக்காக எஃப்.ஏ. இளைஞர் கோப்பை இறுதியில் வெஸ்ட் பிராமை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தார். நாட்டு அணிக்காரரைச் சின்னப் பையன்களோடு மோத விடுவது நியாயமா என்று அப்போதே முணுமுணுப்பு எழுந்தது. கேள்வி சரியானதுதான். வயது இளைஞர் அணிக்குரியது, ஆட்டம் அப்படி இல்லை.

அடுத்த வருடம் மே மாதம் பெர்லினில் மேற்கு ஜெர்மனியோடு ஆட்டம். 1954 உலகக் கோப்பையை வென்ற நாடு. எட்வர்ட்ஸ் தடுப்பாளர்களைக் கடந்து போய், வெகு தூரத்திலிருந்தே அடித்த பந்து கோலுக்குள் போனது. இங்கிலாந்து 3-1 என்று வென்றது. வயது 19.

இதற்கிடையில் கட்டாய ராணுவ சேவை வேறு. எல்லா இளைஞர்களையும் போல இரண்டு வருடம். ஷ்ரூஸ்பரி அருகே ஒரு முகாமில், பாபி சார்ல்டனும் அங்கேதான். சார்ல்டனின் படுக்கை சரியில்லை என்று பார்த்து, எட்வர்ட்ஸே வேறு ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்ததை சார்ல்டன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ராணுவ அணிக்கும் ஆட வேண்டும், கிளப்புக்கும் ஆட வேண்டும், நாட்டுக்கும் ஆட வேண்டும். இத்தனைக்கும் கூலி? ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு அன்று உச்சவரம்பு இருந்தது. அவர் காலத்தில் அது வாரத்துக்கு 20 பவுண்டைக்கூட எட்டவில்லை. அந்த வரம்பு நீங்கியது 1961ல். நாட்டு அணியின் ஆட்டக்காரர் சைக்கிளில் போய்வந்தார். விளக்கு இல்லாமல் ஓட்டியதற்குப் போலீஸ் அபராதம் போட்டதாக ஒரு கதையும் உண்டு.

1955-56, 1956-57 இரண்டு பருவத்திலும் யுனைடெட் லீக் சாம்பியன். அப்போதுதான் தொடங்கியிருந்த ஐரோப்பியக் கோப்பைக்கு இங்கிலாந்துக் கிளப்புகள் போவதை லீக் நிர்வாகம் விரும்பவில்லை. 1955ல் செல்சி அதற்குப் பணிந்தது. பஸ்பி பணியவில்லை. முதல் வருடமே அரையிறுதி வரை போய் ரியல் மாட்ரிடிடம் தோற்றார்கள். 1957 'பாலன் டோர்' வாக்கெடுப்பில் முதலிடம் டி ஸ்டெஃபானோ, இரண்டாமிடம் பில்லி ரைட். மூன்றாமிடத்தை ரேமோன் கோபாவோடு பகிர்ந்துகொண்டவர் எட்வர்ட்ஸ். ஐரோப்பா முழுவதும் பார்த்து நிர்ணயித்த இடம் இது. பரிதாபத்தில் கொடுத்ததல்ல, அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார்.

இரண்டாம் வருடம், 1958 பிப்ரவரி 5 அன்று பெல்கிரேடில் ரெட் ஸ்டாரோடு 3-3 என்று சமன் செய்து மறுபடி அரையிறுதிக்குத் தகுதி பெற்றார்கள். மறுநாள் திரும்பும் வழியில் விமானம் எரிபொருளுக்காக முனிக்கில் இறங்கியது. ஓடுபாதையில் பனிச்சேறு. இரண்டு முறை மேலெழும்ப முயன்று நிறுத்தினார்கள். மூன்றாவது முறை விமானம் எழும்பாமலே ஓடுபாதையைத் தாண்டிப் போய் மோதியது. ஏழு ஆட்டக்காரர்கள் அங்கேயே இறந்தார்கள். மொத்தம் இறந்தவர்கள் 23 பேர்.

எட்வர்ட்ஸ் 15 நாள் போராடினார். கால் முறிவு, விலா முறிவு, எல்லாவற்றையும் விட மோசமாகச் சிறுநீரகச் சேதம். செயற்கைச் சிறுநீரகக் கருவியை வேறு ஊரிலிருந்து வரவழைத்தார்கள். வேல்ஸ் அணியின் வேலையாக கார்டிஃபில் இருந்ததால் அந்த விமானத்தில் போகாமல் தப்பியவர் ஜிம்மி மர்பி. அவர் முனிக் மருத்துவமனைக்கு வந்தபோது, சனிக்கிழமை வுல்வ்ஸோடு ஆட்டம் எத்தனை மணிக்கு என்று எட்வர்ட்ஸ் கேட்டாராம். பிப்ரவரி 21 அதிகாலையில் உயிர் பிரிந்தது.

மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 177 ஆட்டங்கள், 21 கோல்கள். இங்கிலாந்துக்கு 18 ஆட்டங்கள், 5 கோல்கள். இரண்டு லீக் பட்டங்கள், மூன்று இளைஞர் கோப்பைகள். இதில் எதுவும் 'இருந்திருந்தால்' கணக்கில் வருவதல்ல. ஆனால் எண்கள் நடுக்கள ஆட்டக்காரரைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லும். அந்நாளைய ஆட்டங்களின் படப்பதிவும் குறைவு, செய்திப்படத் துண்டுகள்தான். மீதிக்குக் கூட ஆடியவர்களின் வாக்குமூலமே சாட்சி. அதில் கனமானது சார்ல்டனுடையது. உலகக் கோப்பை வென்றவர், பெலேயை எல்லாம் பார்த்தவர். தன்னைத் தாழ்வாக உணரவைத்த ஒரே ஆட்டக்காரர் எட்வர்ட்ஸ் என்று வயதான காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

டட்லியில் புனித பிரான்சிஸ் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னலில் எட்வர்ட்ஸ் இருக்கிறார். 1961ல் அதைத் திறந்துவைத்தவர் பஸ்பி. 1999ல் கடைவீதியில் சிலை வைத்தார்கள். அதைத் திறக்க சார்ல்டனோடு எட்வர்ட்ஸின் தாயாரும் வந்திருந்தார். மகன் இறந்து 41 வருடம் ஆகியிருந்தது. சிலையில் அவர் இங்கிலாந்துச் சட்டையோடு, பந்தை உதைக்கப் போகிற நிலையில் நிற்கிறார்.