குஷி ராமுக்குக் கிடைக்காத மூன்றாவது புள்ளி

தாம்பரத்துக்குத் தெற்கே: வரலாற்றுத் தொடர்

ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் எந்தக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் பீச் பழக் கூடைகளைப் பத்தடி உயரத்தில் அடித்து மாட்டினாரோ, அதே கல்லூரியில் படித்தவர் பக். அவரிடம் பயின்ற பி.டி. மாஸ்டர்கள் ஊர் ஊராக வேலைக்குப் போனபோது கூடைப்பந்தும் கூடவே போனது.

ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த ஊர் பெருங்களத்தூர். ரயில்வேயிலும் வங்கியிலும் விமானப் படையிலும் வேலை பார்த்தவர்கள் மனை வாங்கிக் குடியேறிய பகுதி இது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்து, ஆபீஸ் டீமுக்காகக் கூடைப்பந்து ஆடியவர்களும் அவர்களில் உண்டு. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஜோர்டானா, லெப்ரானா என்று மல்லுக்கு நிற்கிறார்கள். தாத்தாவின் கேள்வி வேறு: "குஷி ராம் ஆடி நீ பார்த்திருக்கிறாயா?" இரண்டும் ஒரே வழக்குதான். வெவ்வேறு காலத்து ஆட்டக்காரர்களை எந்தத் தராசில் நிறுப்பது?

எடுத்த புள்ளிகளை வைத்து என்று சட்டென்று சொல்லிவிடலாம். அப்படியானால் 1936 பெர்லின் ஒலிம்பிக்கைப் பாருங்கள். கூடைப்பந்து முதன்முதலாகப் பதக்கப் போட்டியாக நடந்தது அங்கேதான். திறந்தவெளி மண் தரை, இறுதி ஆட்டத்தன்று கொட்டும் மழை. சேற்றில் பந்தைத் தட்டினால் எழும்பவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8. மொத்த ஆட்டத்திலும் 27 புள்ளிகள். இன்று நல்ல பள்ளி அணி கால் மணி நேரத்தில் அதை எடுத்துவிடும். அதனால் அந்தத் தங்கப் பதக்கக்காரர்கள் பள்ளிப் பிள்ளைகளைவிட மட்டமா?

அமெரிக்க என்.பி.ஏ.விலேயே கணக்கு இடிக்கும். வில்ட் சேம்பர்லேன் 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அதைக் காட்ட ஒரு படச்சுருள்கூட இல்லை. அவர் எத்தனை ஷாட்டுகளைத் தடுத்தார் என்பதற்கும் அதிகாரபூர்வக் கணக்கு கிடையாது. 'பிளாக்' எண்ணும் வழக்கமே 1973-74 சீசனில்தான் அங்கே தொடங்கியது. பில் ரஸ்ஸல் 11 முறை பட்டம் வென்றார். ஆனால் அவர் ஆட வந்தபோது மொத்தமே 8 அணிகள். இன்று 30.

இனி நம் குஷி ராம். ஹரியானாவில் பிறந்து, ராணுவத்தில் ஆட்டம் பழகி, பின்னர் ராஜஸ்தானுக்கு ஆடியவர். 1965-ல் கோலாலம்பூரில் நடந்த ஆசியக் கூடைப்பந்துச் சாம்பியன்ஷிப்பில்தான் இந்தியா முதன்முதலாக அந்தச் சாம்பியன்ஷிப்பில் கலந்துகொண்டது. அந்த அணியின் புள்ளி வேட்டைக்காரர் அவர். 1967-ல் அர்ஜுனா விருது பெற்றார். தூரத்திலிருந்து எறிவது அவருடைய பலம். ஆனால் சர்வதேசக் கூடைப்பந்தில் மூன்று புள்ளிக் கோடு வந்தது 1984-ல். குஷி ராம் ரிங்கின் அடியில் நின்று போட்டாலும் இரண்டு, எட்டு மீட்டர் தள்ளி நின்று போட்டாலும் இரண்டுதான். தூரத்திலிருந்து பத்து பந்துகள் விழுந்தால் அன்று 20, இன்று 30. கை ஒன்று, குறி ஒன்று. பாதிக்குப் பாதி கூடிவிடுகிறது. அவருடைய மொத்தப் புள்ளிகளை இன்றைய வீரரின் பக்கத்தில் வைத்து அவரைச் சிறியவராக்குவது அநியாயம் என்றே சொல்வேன்.

ஒரே ஆள் பல யுகங்களைத் தாண்டியதும் உண்டு. அதற்கு நம் சென்னைப் பெண்ணே சாட்சி: அனிதா பால்துரை. தெற்கு ரயில்வேக்காரர். 19 வயதில் இந்திய அணியின் கேப்டன். 2017 வரை நாட்டுக்காக ஆடினார்; 2021-ல் பத்மஸ்ரீ. அவர் இந்திய அணிக்குள் வந்த காலத்தில்தான் இருபது நிமிடப் பாதிகள் போய்ப் பத்து நிமிடக் கால்பகுதிகள் வந்தன. ஷாட் எடுக்க இருந்த 30 விநாடி 24 ஆனது. அப்போது பெண்களும் ஆண்களின் 7-ஆம் எண் பந்தையேதான் ஆடினார்கள். 2004-ல் பெண்களுக்கு 6-ஆம் எண் பந்து வந்தது. எடை குறைவு, சுற்றளவும் ஓர் அங்குலம் குறைவு. கேட்பதற்கு அற்பமாக இருக்கும். தினமும் நூற்றுக்கணக்கில் எறிந்து, ஒரே பந்தின் கனத்துக்குப் பழகிய மணிக்கட்டுக்கு அது புதுப் பாடம். அது படிந்த பிறகு 2010-ல் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75-க்குத் தள்ளிப்போனது. கால் நிற்க வேண்டிய இடமே மாறிவிட்டது. இத்தனைக்கும் ஈடுகொடுத்து, 2017 ஜூலையில் பெங்களூரில் கஜகஸ்தானை 75-73 என்று வீழ்த்தி ஆசியக் கோப்பை 'பி' பிரிவை வென்ற அணியிலும் அவர் இருந்தார்.

அவருடைய சக ஆட்டக்காரர், கோட்டயத்தின் கீது அன்னா ஜோஸ், ஆறடி இரண்டங்குல உயரம். ரிங்குக்கு அடியில் அவரைத் தாண்டிப் பந்து எடுப்பது பெரும்பாடு. ஆஸ்திரேலியாவில் கிளப் ஆட்டம் ஆடினார். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் மூன்று அணிகள் அவரை அழைத்துச் சோதித்துப் பார்த்தன. கீதுவா அனிதாவா என்று கேட்டால், ஒரு ஆட்டத்தை ஜெயிக்கக் கீது, பதினைந்து வருடம் அணியைத் தாங்க அனிதா என்பேன்.

என் தீர்ப்பு இதுதான். அவரவர் காலத்தின் பந்து, தரை, விதி இவற்றோடு, எதிரே நின்றவர்களைவிட ஒருவர் எவ்வளவு உயர்ந்து நின்றார் என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்க ஆதாரம் வேண்டும். நம்மிடம் இல்லாதது அதுதான். சேம்பர்லேனின் 1962 ஆட்டத்துக்குப் படம் இல்லாவிட்டாலும் ஸ்கோர் ஷீட் இருக்கிறது: 63 ஷாட்டில் 36, ஃப்ரீ த்ரோ 32-ல் 28. பெரியகுளத்தில் மே மாத இரவுகளில் ஃபிளட் லைட் வெளிச்சத்தில் ஆடியவர்களுக்கும், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. கோப்பையில் ஆடியவர்களுக்கும் அந்த அளவு விவரத்தை இன்று யாரிடம் போய்க் கேட்பது? சிமென்ட் தரையில் முட்டி தேய ஆடியவர்கள் அவர்கள். அந்தத் தாள்கள் டேபிளில் எழுதப்பட்டன, கையெழுத்தாயின, பிறகு எங்கோ போயின. இளைஞர்களின் வாதத்தில் பழைய ஆட்டக்காரர்கள் தோற்பதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல, தாள் இல்லாததே காரணம்.

பெருங்களத்தூர், தாம்பரம், வண்டலூர் வட்டாரத்தில் கூடைப்பந்து ஆடிய பெரியவர்கள் உள்ள வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். பரண் மீதிருக்கும் டோர்னமென்ட் மலர், ஸ்கோர் ஷீட், குரூப் போட்டோ எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். போட்டோவின் பின்புறம் ஆண்டு, ஊர், நிற்பவர்களின் பெயர்களை இன்றே தாத்தாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். பிரதி ஒன்றை எங்களுக்கு அனுப்புங்கள். இந்தத் தொடரில் வெளியிடுகிறோம்.

(தொடரும்)