அமெரிக்க முற்போக்கு அரசியலும் நிறவெறியும்: சீர்திருத்த விதிகளின் வழியே ஒரு பார்வை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க முற்போக்காளர்கள் ஊழலையும் ஏகபோக நிறுவனங்களையும் எதிர்த்துப் போராடினார்கள். தகுதி அடிப்படையிலான அரசுப் பணி, வேட்பாளரை வாக்காளரே தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல், வல்லுநர் நிர்வாகம் ஆகியவை அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகள். அவர்களிடம் இருந்த நிறவெறியை அக்காலத்தின் கறை என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அது சீர்திருத்தத்துக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருந்த அழுக்கு அல்ல. பல இடங்களில் சீர்திருத்தம் உருவாக்கிய விதிகளின் வழியாகவே அரசின் நடைமுறையாயிற்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அதிபர் உட்ரோ வில்சனின் ஆட்சியை எடுத்துக்கொள்வோம். உள்நாட்டுப் போருக்குப் பின் பல பத்தாண்டுகளாக வாஷிங்டனின் அரசு அலுவலகங்களில் கறுப்பின எழுத்தர்கள் பணியாற்றி வந்தார்கள். 1913இல் அஞ்சல் துறையும் கருவூலத் துறையும் அவர்களுடைய இருக்கை, உணவறை, கழிப்பறை ஆகியவற்றைத் தனியாகப் பிரிக்கத் தொடங்கின. 1914இல் அரசுப் பணி விண்ணப்பத்துடன் புகைப்படமும் கேட்கப்பட்டது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். ஆனால் தேர்வில் முன்னணியில் நின்ற மூவரில் ஒருவரை அதிகாரி தேர்ந்துகொள்ளலாம் என்ற விதியோடு அந்தப் படம் சேர்ந்தபோது, மதிப்பெண்ணால் முன்னுக்கு வந்தவரை நிறம் பார்த்தே ஒதுக்க முடிந்தது. முதற்கட்டத் தேர்தலின் கதையும் இதுதான். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானாலே வெற்றி உறுதி என்றிருந்த தென்மாநிலங்களில், அக்கட்சியின் முதற்கட்டத் தேர்தல் வெள்ளையருக்கு மட்டும் என்றாக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 1944இல்தான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தானே நினைத்தார்கள் என்பது முதல் மறுப்பு. சான்றுகள் அதை ஏற்கவில்லை. 1912 தேர்தலில் வில்சனை ஆதரித்த பத்திரிகையாசிரியர் வில்லியம் மன்றோ டிராட்டர், 1914இல் வெள்ளை மாளிகைக்கே சென்று இந்தப் பிரிவினையைக் கண்டித்தார். உரசலைத் தவிர்க்கவே பிரித்தோம் என்று வில்சன் நியாயப்படுத்தினார். தவறு என்று நேரில் எடுத்துச் சொல்லப்பட்ட பிறகும் தொடர்ந்த ஒன்றை அறியாமை என்று கொள்ள முடியாது. முற்போக்காளர்களே நிறவெறியை எதிர்த்தார்களே என்பது அடுத்த மறுப்பு. இதில் உண்மை உண்டு. 1909இல் கறுப்பின உரிமைச் சங்கமான என்ஏஏசிபியை நிறுவியவர்களில் முற்போக்காளரான ஜேன் ஆடம்ஸும் ஒருவர். ஆனால் 1912இல் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் முற்போக்குக் கட்சி மாநாடு தென்மாநிலக் கறுப்பினப் பிரதிநிதிகளைச் சேர்க்க மறுத்தது. அதே மாநாட்டில் ரூஸ்வெல்ட்டின் வேட்பு முன்மொழிவை வழிமொழிந்தவரும் ஆடம்ஸ்தான். எதிர்த்தவர்கள்கூடப் பெரிய நன்மைக்காக இந்த விலக்கலைப் பொறுத்துக்கொண்டார்கள்.

முற்போக்குச் சீர்திருத்தத்தின் தொடர்ச்சியாக வந்த 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் சிக்கலான சான்று. முதியோர் காப்பீட்டிலிருந்து பண்ணைத் தொழிலாளரும் வீட்டு வேலைக்காரரும் விலக்கப்பட்டார்கள். வரி வசூலிப்பதில் இருந்த நிர்வாகச் சிரமமே காரணம் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். விலக்கப்பட்டவர்களில் வெள்ளையரும் ஏராளம். நோக்கம் பற்றிய அந்த விவாதம் முடியாவிட்டாலும் விளைவில் ஐயமில்லை. தென்மாநிலக் கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் செய்துவந்த வேலைகள் அவை; 1950க்குப் பிறகே அவற்றுக்குக் காப்பீடு படிப்படியாக வந்தது.

முற்போக்கு அரசியலின் சாதனைகளை இந்த வரலாறு பொய்யாக்கவில்லை. பிற்காலக் குடிமை உரிமைச் சட்டங்களும் வலிமையான மத்திய அரசைக் கொண்டுதான் நிறைவேறின. ஆகவே ஒரு சீர்திருத்தத்தை மதிப்பிடும்போது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கத்தோடு நின்றுவிடலாகாது. விண்ணப்பப் படிவம், வாக்களிக்கும் தகுதி, காப்பீட்டு வரம்பு வரை இறங்கிப் பார்த்தால்தான் அது யாரை மக்களாக எண்ணியது என்பது விளங்கும்.