தேர்வு யாருடையது? – நீலகிரித் தோட்டங்களும் குற்ற ஒப்புதல் பேரமும்

'பிளீ பார்கெயினிங்' எனப்படும் குற்ற ஒப்புதல் பேரம் 2006 ஜூலை 5 அன்று இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்பவருக்குத் தண்டனை குறையும், வழக்கும் விரைவில் முடியும் என்பது இதன் சாரம். இதனை அமெரிக்க இறக்குமதி என்றே பலரும் எழுதுகின்றனர். அந்நாட்டில் பத்தில் ஒன்பது தண்டனைகளுக்கு மேல் இவ்வழியில் முடிவாவதால் அவ்வாறு எண்ணுவது இயல்பே. எனினும், சிறையைக் காட்டி ஏழையிடம் இணக்கம் பெறும் முறை நம் மலைகளுக்குப் புதிதன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீலகிரியில் காப்பித் தோட்டங்களும், அவற்றைத் தொடர்ந்து தேயிலைத் தோட்டங்களும் பெருகின. மைசூர்ப் பக்கத்திலிருந்தும் கோவைச் சமவெளியிலிருந்தும் ஆட்களை மேஸ்திரிகள் திரட்டி வந்தனர். கையில் கொடுத்த முன்பணமே அவர்களைக் கட்டிய கயிறு. அக்கயிற்றுக்குச் சட்டத்தின் முறுக்கை ஏற்றியது 1859ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டம். முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால், அது கடன் வழக்காக நில்லாமல் குற்ற நடுவர் முன் சென்றது. பணத்தைத் திருப்பித் தரவேண்டும், அல்லது ஒப்புக்கொண்ட வேலையைச் செய்து முடிக்கவேண்டும் என்று நடுவர் ஆணையிடுவார். ஆணையை மீறினால் 3 மாதம் வரை கடுங்காவல்.

இச்சட்டத்தில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. பணமா, வேலையா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளிக்கு இல்லை. புகார் கொடுத்த முதலாளிக்கே இருந்தது. பணத்தைச் செலவழித்துவிட்ட கூலியாளுக்கு மிஞ்சியவை இரண்டே: தோட்டம் அல்லது சிறை. இதுவும் போதாதென்று தோட்டக்காரர்கள் முறையிட்டதன் விளைவாக 1903இல் சென்னை மாகாணத் தோட்டத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் சட்டம் 1925இல்தான் இயற்றப்பட்டது. முன்பணம் மனிதனை எவ்வாறு விழுங்கும் என்பதை, ஆனைமலைத் தோட்டங்களைக் களமாகக் கொண்ட பி.எச். டேனியலின் 'ரெட் டீ' (1969) நாவலை 'எரியும் பனிக்காடு' என்னும் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் படித்தவர்கள் அறிவர்.

விடுதலைக்குப் பின் நமது உச்ச நீதிமன்றம் இத்தகைய பேரங்களை ஐயத்துடனேயே நோக்கியது. உணவுக் கலப்பட வழக்கொன்றில் 1976இல் நீதிபதி கிருஷ்ணய்யர், இப்பேரத்தால் தரப்பினர் இருவரும் பயனடைய, இழப்பு சமூகத்தைச் சேர்கிறது என்னும் பொருள்படக் கண்டித்தார். 1980இல் காசம்பாய் வழக்கில் நீதிபதி பகவதி வேறொரு அச்சத்தை முன்வைத்தார். நெடிய விசாரணைக்கு அஞ்சி, குற்றமற்றவரும் குற்றத்தை ஒப்புக்கொள்ளக் கூடும் என்பதே அது.

ஆயினும் தேங்கிய வழக்குகளின் சுமை வென்றது. சட்ட ஆணையத்தின் பரிந்துரைகளையும் 2003இல் வெளியான மாலிமத் குழு அறிக்கையையும் அடுத்து நாடாளுமன்றம் இம்முறையை ஏற்றது. 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 289 முதல் 300 வரையிலான பிரிவுகளில் இடம்பெற்றுள்ளது. 7 ஆண்டுக்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களும் இதில் அடங்கா. விண்ணப்பம் குற்றம் சாட்டப்பட்டவரிடமிருந்தே வரவேண்டும். அவர் மனமொப்பித்தான் கேட்கிறாரா என்பதை நீதிபதி மூடிய அறையில், எதிர்த்தரப்பு இன்றி விசாரித்து அறியவேண்டும். 1859இல் முதலாளியிடம் இருந்த தேர்வு, ஏட்டளவில் இன்று எளியவரின் கைக்கு வந்துவிட்டது.

ஏட்டளவில் என்று சொல்லக் காரணமுண்டு. திருட்டுக்குப் பொதுவாக 3 ஆண்டு வரை சிறை. பேரத்தில், முதன்முறை குற்றவாளிக்கு அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 6 மாதம் விதிக்கலாம். விசாரணைக் கைதியாகக் கழித்த நாட்களும் அதில் கழியும். இனி, பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவர் செய்யாத திருட்டுக்காகப் பிடிபட்டு, ஜாமீன்தாரர் கிடைக்காமல் 6 மாதம் உள்ளே இருந்ததாகக் கொள்வோம். 'செய்தேன்' என்றால் வீட்டுக்குப் போகலாம். 'செய்யவில்லை' என்றால் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டும். வெளியில் இருப்பவருக்கும் ஒவ்வொரு வாய்தாவும் ஒருநாள் கூலியைத் தின்னும். ஒப்புக்கொண்ட பின் வரும் தீர்ப்புக்கு வழக்கமான மேல்முறையீடும் கிடையாது. 'திருடர்' என்ற பெயரோ நிலைத்துவிடும்.

ஆகவே மூடிய அறையில் நீதிபதி கேட்கும் அந்த ஒரு கேள்வியே இம்முறையின் உயிர்நிலை. அது சடங்காகக் கேட்கப்படுமானால், தோட்டமா சிறையா என்ற பழைய கேள்வியே வேறு உருவில் திரும்பும். அக்கேள்விக்கு முன்னரே இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் அவரைச் சந்தித்து, அவருக்குப் புரியும் மொழியில் இரு வழிகளின் விளைவையும் விளக்கியிருக்க வேண்டும். அப்போதுதான் தேர்வு உண்மையிலேயே அவருடையதாகும்.