பிரைடு ஆஃப் டோவர் (கப்பல்)

பிரைடு ஆஃப் டோவர் என்பது 1987 முதல் 2010 வரை இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்துக்கும் பிரான்சின் கலே துறைமுகத்துக்கும் இடையே பயணிகளையும் வாகனங்களையும் ஏற்றிச்சென்ற கப்பல் ஆகும். ஆங்கிலக் கால்வாயின் அடியில் அமையவிருந்த தொடருந்துச் சுரங்கத்தின் போட்டியைச் சமாளிக்க, டவுன்சென்ட் தோரசென் நிறுவனம் செருமனியின் பிரேமர்காவனில் கட்டுவித்த இரு கப்பல்களுள் இது முதலாவது. மற்றது பிரைடு ஆஃப் கலே.

இதன் இரு வாகனத் தளங்களிலும் ஒரே நேரத்தில் வண்டிகளை ஏற்றி இறக்க முடிந்தது. இதனால் துறைமுகத்தில் நிற்கும் நேரம் குறைந்தது. விரைவை விட இதுவே இக்கப்பலின் உண்மையான வலிமை எனலாம். ஏறத்தாழ 2,300 பயணிகளும் 650 மகிழுந்துகளும் இதில் செல்லலாம். கால்வாயைக் கடக்க சுமார் 75 நிமிடங்கள் ஆயின.

கப்பல் சேவைக்கு வருமுன், 1987 மார்ச் 6 அன்று இதே நிறுவனத்தின் எரால்டு ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைசு முகப்புக் கதவு மூடப்படாமல் புறப்பட்டு, பெல்சியத்தின் சீபுரூக் அருகே கவிழ்ந்தது. 193 பேர் இறந்தனர். அவ்வாண்டிலேயே நிறுவனத்தின் பெயர் பி அண்டு ஓ ஐரோப்பியன் ஃபெரீசு என மாற்றப்பட்டது.

சுரங்கம் 1994இல் திறக்கப்பட்டது. 1999இல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே தீர்வையற்ற விற்பனை நிறுத்தப்பட்டதால், கப்பல் கடைகளின் வருவாயும் குறைந்தது. எனினும் சுரங்கம் திறந்தபின் 16 ஆண்டுகள் இக்கப்பல் ஓடியது. இறுதியில் இதன் இடத்தைப் பிடித்தது சுரங்கமன்று, இதனிலும் பெரிய ஸ்பிரிட் ஆஃப் பிரிட்டன் என்ற கப்பலே. 2010 டிசம்பரில் ஓய்வுபெற்று டில்பரியில் நிறுத்திவைக்கப்பட்ட இது, பின்னர் துருக்கியின் அலியாகாவில் உடைக்கப்பட்டது.