அப்துல் கலாம், ஆ. ப. ஜெ. (1931–2015)

இந்திய ராக்கெட் பொறியாளர். நாட்டின் 11ஆவது குடியரசுத் தலைவர். இராமேசுவரத்தில் படகு உரிமையாளர் ஜைனுலாபுதீனின் மகனாக 1931 அக்டோபர் 15 அன்று பிறந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியலும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலும் பயின்றார்.

அவர் வாழ்வின் முதன்மையான பணி எஸ்.எல்.வி–3 திட்டம்தான். திட எரிபொருளில் இயங்கும் நான்கு அடுக்குகள் கொண்ட இந்த ராக்கெட், 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பியது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டுக்கான அமிலம் கசிந்துபோனதால், 317 விநாடிகளில் வங்கக் கடலில் விழுந்தது. செய்தியாளர்களிடம் முழுப் பொறுப்பையும் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் தானே ஏற்றார். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் சுமந்த ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தபோது, செய்தியாளர்களிடம் பேசும்படி கலாமின் குழுவை அனுப்பிவைத்தார். தலைமை என்றால் என்ன என்பதைக் கலாம் அங்கேதான் கற்றார். பிற்காலத்தில் மேடைதோறும் அதை நன்றியோடு சொன்னார்.

பின்னர் அக்னி, பிருத்வி ஏவுகணைத் திட்டத்துக்குத் தலைமையேற்றார். ஏவுகணைக்கான இலகு கலப்புப்பொருளில் இளம்பிள்ளைவாதக் குழந்தைகளுக்கு நடைக்கருவி செய்வித்ததும் அவரே. 1997இல் பாரத ரத்னா பெற்றார்.

2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் கேப்டன் லட்சுமி சாகலை வென்று, 2007 வரை பதவி வகித்தார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்களிடையே உரையாற்றும்போது சரிந்து விழுந்து காலமானார். அவரது நினைவிடம் இராமேசுவரம் பேய்க்கரும்பில் உள்ளது.