இரணியல் கல்கட்டில்: ஓர் அரண்மனையும் மறைந்துபோன பெருமாளும்

கன்னியாகுமரி மாவட்டத்துத் திங்கள்சந்தையை ஒட்டிய இரணியலில் வேணாட்டு அரசர்களின் பழைய கோயிக்கல் (அரண்மனை) ஒன்று இருக்கிறது. படிப்புரை, குதிரை மாளிகை, வசந்த மண்டபம் என்று மூன்று கட்டுகள். அரசர் குடியிருந்தது குதிரை மாளிகையில். ஆனால் ஊரார் வாயில் முதலில் வருவது வசந்த மண்டபமும் அங்கே ஒரே கல்லில் செதுக்கிய கட்டிலும்தான். சேரமான் பெருமாள் அந்தக் கட்டிலில் படுத்தவாக்கில் உடம்போடு மறைந்துபோனார் என்பது கதை. பின்வந்த வேணாட்டு மன்னர்கள் அங்கே விளக்கேற்றி வழிபட்டார்கள் என்றும் சொல்வார்கள். இந்தக் கதை இரணியலில் வந்து தங்கியது ஏன் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேரமான் பெருமாள் என்ற பெயர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. மகோதயபுரத்திலிருந்து ஆண்ட சேர மரபினர் அனைவருமே பெருமாள்கள். 9ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்த மரபு, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராமகுலசேகரரோடு முடிகிறது. பெரியபுராணத்துச் சேரமான் பெருமாள் நாயனார், வெள்ளை யானையில் கயிலைக்குப் புறப்பட்ட சுந்தரரைத் தம் குதிரையில் தொடர்ந்து போனார். கேரளோற்பத்தி என்ற மலையாள நூலின் பெருமாளோ நாட்டைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு மக்காவுக்குக் கப்பலேறினார். இரணியல் பெருமாள் கட்டிலிலிருந்தே காணாமல் போனார். வழிகள்தான் வேறு, மூன்றிலுமே பெருமாளின் உடல் சேரநாட்டு மண்ணில் அடங்கவில்லை.

இதில் ஓர் அரசியல் கணக்கு இருப்பதாக எனக்குப் படுகிறது. பெருமாள் இறந்தார் என்றால், அவருக்கு ஈமக்கடன் செய்தவன் யார், வாரிசு யார் என்ற கேள்வி எழும். மறைந்தார் என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பேரரசு உடைந்த பிறகு வேணாடு, கொச்சி, கோழிக்கோடு என்று எல்லா அரசுகளும் தம் உரிமையைப் பெருமாளிடமிருந்தே வரவழைத்துக்கொண்டன. வேணாட்டின் வழிவந்த திருவிதாங்கூர் மன்னர் பட்டமேற்று வாளை வாங்கும்போது, மக்காவுக்குப் போன மாமன் திரும்பி வரும்வரை இதை வைத்திருப்பேன் என்று சொல்வது வழக்கம் என ஒரு செய்தி உண்டு. மருமக்கள்வழி நாட்டில் மாமன் என்ற சொல்லுக்கு இருந்த கனம் சாதாரணமானதல்ல. சொத்தும் பட்டமும் தாய்மாமனிடமிருந்துதான் வரும். மாமன் சாகவில்லை, போயிருக்கிறார். வாள் வைத்திருப்பவன் பொறுப்பாளன் மட்டுமே.

அந்தக் கதைக்கு இரணியல் பொருத்தமான இடம். கொல்லத்தில் நிலைகொண்டிருந்த வேணாட்டு ஆட்சியின் ஒரு கிளை தெற்கே வேரூன்றியபோது திருவிதாங்கோடு, இரணியல், கல்குளம் ஆகிய பக்கத்துப் பக்கத்து ஊர்கள் அரசிருக்கைகளாயின. திருவிதாங்கோடு பின்னாளில் நாட்டுக்கே பெயர் கொடுத்தது. இரணியசிங்கநல்லூர் என்று பழம்பெயர் கொண்ட இரணியலில் அரசர் மாளிகை எழுந்தது. அந்த மாளிகையைச் சேரமான் காலக் கட்டடம் என்று சொல்வதை ஏற்க முடியாது. மரமும் ஓடும் கொண்டு கட்டிய வீடு தலைமுறைக்குத் தலைமுறை புதுப்பிக்கப்பட்டு வருவது. பெருமாளின் பெயரை அதற்குச் சூட்டியது, புதிய கிளை தன்னைப் பழைய மரபோடு சேர்த்துக் கட்டிக்கொண்ட முயற்சி என்று கொள்வதே சரி.

1601 அளவில் கல்குளத்தில் அரண்மனை எழுந்தது. மார்த்தாண்ட வர்மா (1729–1758) 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்தார். பிறகு கல்குளம் அரண்மனையை விரித்துக் கட்டினார். ஊர் பத்மநாபபுரம் ஆனது. 1750இல் திருப்படித்தானம் என்ற சடங்கில் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்து, தாம் தாசனாக நின்று ஆண்டார். அங்குள்ள உப்பரிகை மாளிகையின் மேல்தளத்தில் பத்மநாபனுக்கு ஒரு கட்டில் போட்டிருக்கிறது. ஆள் படுக்காத கட்டில், பக்கத்தில் அணையாவிளக்கு. இரணியலிலும் ஆளில்லாத கட்டில், விளக்கு. கண்ணில் படாத அரசனுக்காக நாட்டைக் காப்பது என்ற எண்ணம் இந்த மண்ணுக்கு 1750இல் புதிதாக வந்ததல்ல. பெருமாள் கதை கேட்டு வளர்ந்த குடிகளுக்குத் திருப்படித்தானம் எளிதில் விளங்கியிருக்கும்.

1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனது. இரணியல் தாலுகா தலைமையிடமாகவும் நெசவூராகவும் நீடித்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது, பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பிலேயே இருந்தது. அது இன்றும் மெருகேறிய தரையோடு நிற்கிறது. பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் இரணியல் தமிழ்நாட்டோடு வந்தது, வந்து பாழடைந்தது. தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறிப் பெய்யும் ஊர் இது. ஓட்டுக்கூரையில் ஒரே ஓடு நழுவினால் போதும். ஒழுகும் தண்ணீர் ஓட்டைத் தாங்கும் பட்டியல் சட்டத்தை ஊறவைக்கும். ஊறிய மரத்தில் கரையான் ஏறும். சாய்வு மரமான கழுக்கோல் தாழும், அடுத்த வரிசை ஓடும் சரியும். ஆண்டுக்கு ஒருமுறை ஓடு மாற்றியிருந்தால் குதிரை மாளிகை நின்றிருக்கும் என்பதை நினைக்கும்போது நெஞ்சு பொறுப்பதில்லை.

இரணியல் அரண்மனை இப்போது இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. புனரமைப்புக்கு அரசு நிதி ஒதுக்கி வேலையும் தொடங்கியது. புதுமரம் ஏற்றுவதற்கு முன், மிஞ்சிய ஒவ்வொரு உத்திரத்தின் பூட்டுவாயையும் அளந்து வரைந்து வைக்க வேண்டும். பெருமாள் கதை சொல்லும் இரணியல் முதியவர்களின் குரலையும் ஒருவர் விடாமல் பதிவு செய்ய வேண்டும்.